குஞ்சம்மாள் இடம்

பேனரில் பேர் தப்பாக இருந்தது.

மீன் மார்க்கெட் வாசலில், ஐஸ் உடைக்கிற மேடைக்கு மேலே கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. போட்டோ செந்தமிழ்ச்செல்வியுடையதுதான். கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்தது. பக்கத்தில் நின்ற இனியவனை வெட்டிவிட்டிருந்தார்கள். அவள் தோளில் அவன் விரல்கள் மட்டும் மிச்சமிருந்தன. போட்டோவுக்குக் கீழே பெரிய எழுத்தில் குஞ்சம்மாள் என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே, இப்படிக்கு மீன் அங்காடி மகளிர், கீழ வரிசை.

இனியவன் கருமாதிக்குச் சொல்ல வந்திருந்தான். பேனரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனான். கீழ வரிசையில் மூத்தவள் அஞ்சலாட்சி. சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பேரு மாறியிருக்கு சின்னம்மா."

"எதுல?"

"பேனர்ல."

அவள் மீனைப் போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குப் படிக்க வராது.

"இன்னான்னு போட்ருக்கான்?"

"குஞ்சம்மாள்னு."

"சரியாத்தான போட்ருக்கான்."

"அவ பேரு செந்தமிழ்ச்செல்வி."

அஞ்சலாட்சி அவனைப் பார்த்தாள். மறுபடி பேனரைப் பார்த்தாள்.

"அம்மாம் பெரிய பேரா" என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "கோச்சிக்காதடா தம்பி. பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து ஒரே தூக்குல கஞ்சி குடிச்சோம். பேரு கேக்கணும்னு தோணல பாரு."

அந்தப் பேர் ஆளுக்கு இல்லை, இடத்துக்கு. கீழ வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் ஆறடிக்கு நாலடி சிமெண்டுத் தரை. அதில் என்றைக்கோ குஞ்சம்மாள் என்று ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பிறகு அவள் மருமகள். அவளுக்குப் பிறகு அவளுடைய மருமகள். யார் உட்கார்ந்தாலும் வாடிக்கைக்குக் குஞ்சம்மாள்தான். இனியவனின் அம்மா செல்வாம்பாள் முப்பது வருஷத்துக்கு மேல் குஞ்சம்மாளாக இருந்தாள். முட்டி தேய்ந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் போனதும் மருமகளை உட்கார வைத்தாள். செல்வி பி.காம். படித்தவள். முதல் மாசம் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினாள். அப்புறம் அதை விட்டுவிட்டாள். மழைக்காலத்தில் கெளுத்தி முள் காலில் குத்தியது. அந்தப் புண்ணோடு தெருத் தண்ணீரில் நடந்தாள். காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடித்தபோது சிறுநீரகம் போய்விட்டிருந்தது.

இனியவன் பேனரை மாற்றச் சொல்லவில்லை. அது வெயிலில் வெளுத்து, ஒரு காற்றில் அறுந்து, யாரோ ஐஸ் பெட்டிக்கு மூடாக்குப் போட எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவளுடைய போன் இனியவனிடம்தான் இருந்தது. அது தினமும் அடிக்கும். முல்லா வீதியிலிருந்து பதுருன்னிசா என்கிற அம்மாள் அடிக்கடி கூப்பிடுவார்.

"குஞ்சம்மா இருக்காளா தம்பி? மருமவப் புள்ள துபாய்லேந்து வருது. வஞ்சிரம் நல்லதா ரெண்டு கிலோ எடுத்து வைக்கச் சொல்லுங்க. போன தடவ குடுத்தாளே, அந்த மாதிரி."

"சொல்றேங்க" என்பான் இனியவன். போனை வைத்துவிடுவான். மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் அவனுக்குத் தரம் பார்க்கிற வேலை. பெல்ட்டில் மூடிகள் வந்துகொண்டே இருக்கும். நெளிந்ததைப் பொறுக்கி எடுக்க வேண்டும். முன்பெல்லாம் அந்த வேலை அலுப்பாக இருக்கும். இப்போது அதுதான் தோதாக இருந்தது.

*

மார்க்கெட்டில் துக்கம் விழுந்த வீட்டுக் கூடையை அந்த இடத்தில் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். கவிழ்த்த கூடை இருக்கிறவரை பக்கத்து ஆள் அங்கே ஒரு தட்டுக்கூட வைக்க மாட்டாள். ஆனால் அதற்கும் கெடு உண்டு. சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிப்பதற்குள் அந்த வீட்டிலிருந்து ஒருத்தி வந்து கூடையை நிமிர்த்த வேண்டும். இல்லாவிட்டால் தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போகும்போது வரிசையை நகர்த்திப் போட்டுக்கொள்வார்கள். நிமிர்த்துகிறவள் மருமகளாக இருக்க வேண்டும். மகளுக்கு இல்லை. மகள் வேறு வீட்டுக்குப் போகிறவள், கூடவே இடமும் போய்விடும். தாலி அறுத்தவளுக்கு உண்டு. வரிசையில் பாதிப் பேர் அப்படிப்பட்டவர்கள்தான். அறுத்தவள் எங்கே போகப் போகிறாள்?

பங்குனி பாதிக்கு மேல் போய்விட்டது. வெயில் குருசுக்குப்பத்துத் தகரக் கூரைகளைக் காலையிலேயே காய்ச்சியது. சாயங்காலம் கடல் காற்று ஏறினால்தான் உள்ளே உட்கார முடியும்.

அன்றைக்கு இனியவன் முத்தியால்பேட்டை மணிக்கூண்டில் கம்பெனி வேனை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது மாமியார் வந்திருந்தாள். செல்வியைப் பெற்றவள். சாரத்தில் தெருத் தெருவாகக் கூடை சுமந்து மீன் விற்கிறவள். கழுத்தில் மருந்துத் துணி சுற்றியிருந்தாள். திரும்பிப் பார்க்க முடியாது, உடம்போடு சேர்ந்துதான் திரும்பினாள்.

அம்மா ஸ்டூல் போட்டு அடுப்பின் முன் உட்கார்ந்து காரப்பொடி மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். கீழே குனிய முடியாததால் எல்லாவற்றையும் எட்டுகிற உயரத்தில் அடுக்கி வைத்திருந்தாள். மாங்காயை நறுக்கிக் குழம்பில் போட்டுவிட்டு, அவனைப் பார்க்காமலே பேச ஆரம்பித்தாள்.

"சம்மந்தி சரின்னுட்டா. எளையவ துர்காவும் சரின்னுட்டாளாம். ஒன்னியத்தான் கேக்கணும்."

"எனக்கு வேணாம்மா."

"ஒனக்கு வேணுமான்னு யாரு கேட்டா? என்னிக்கி வச்சிக்கலாம்னு கேக்குறேன்."

மாமியார் தரையைப் பார்த்தபடி, "தம்பி மனசு ஆறட்டும் சம்மந்தி" என்றாள்.

"ஆறுற வரைக்கும் கவுத்து வச்ச கூட காத்துக்கினு இருக்குமா? அஞ்சலாட்சி அவ மருமவளுக்கு ஒட்டுனாப்புல எடம் தேடிக்கினு கெடக்கா. நம்ம தூணு மேல அவளுக்கு எப்பவுமே ஒரு கண்ணு." கரண்டியைத் தட்டினாள். "கொழந்த இருந்தா கொழந்தைக்காவன்னு சொல்லிக்கலாம். எல்லாரும் அப்பிடித்தான் சொல்லிக்குவாங்க. நமக்கு அதுக்கும் குடுத்து வைக்கல. ஊருல கேப்பாங்க, எதுக்குடி மவனுக்குக் கொழுந்தியாளக் கட்டி வைக்கிறன்னு. கேக்கட்டும். எடத்துக்குன்னு சொல்றேன். இதுல வெக்கம் இன்னா?"

"அவங்களுக்கு அவ பேரே தெரியலம்மா."

"என் பேரு தெரியுமா?"

இனியவன் டிபன் பாக்ஸைக் கழுவப் போட்டான்.

"நீயே சொல்லு. மார்க்கெட்ல வந்து செல்வாம்பான்னு கேட்டுப் பாரு, எவளாவது கைய காட்டுறாளான்னு. பேரா சோறு போடுது? ஒங்கப்பன் கடலுக்குப் போனான், வந்தான், குடிச்சான், படகையும் வித்துட்டுப் போய்ச் சேந்தான். ஒன்னிய படிக்க வச்சது இந்தக் குஞ்சம்மாதான்." மூச்சு வாங்கியது அவளுக்கு. பிறகு குரலை மாற்றிக்கொண்டாள். "என்னைய யாருடா கேட்டா அன்னிக்கி? தாலி கட்டுன ராத்திரியே ஒங்கப்பன் வலை எடுத்துக்கினு போயிட்டான். மறுநாளு காலைல ஒரு ஆளு வந்து சோறு போடுன்றான். யாருய்யா நீன்னேன். எங்க மாமியா சொல்லுது, அடியே ஒன் புருசன்டின்னு."

மாமியார் சிரித்துவிட்டாள். சிரித்ததும் கழுத்து வலித்தது. வலியோடு சேர்ந்து அழுகையும் வந்துவிட்டது. மூத்த மகளை நினைத்து அழுதாளா, இளையவளை நினைத்தா என்று சொல்ல முடியாது.

"மார்க்கெட்ல நெழலு இருக்குது தம்பி" என்றாள் அழுகையோடு. "தலச்சுமை இல்ல. மூத்தவளுக்கு அந்த ஒண்ணுதான் நான் பாத்துக் குடுத்தேன்."

இனியவன் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டான். குழம்பில் உப்பு இருந்ததா என்று தெரியவில்லை. அம்மா கேட்டாள். இருக்கிறது என்றான்.

*

துர்காவை அவன் கரையில் பார்த்தான். கடல் அரிக்காமல் இருக்கக் கொட்டிய கருங்கல்லுக்கு இடையில் கொஞ்சம் மணல் மிச்சமிருக்கிறது. பைபர் படகுகள் அங்கேதான் ஏறும். விடிந்து வெளிச்சம் வருவதற்குள் ஏலம் முடிந்துவிடும். அவள் ஒரு கூறு கவளை மீனையும் கொஞ்சம் கிழங்கானையும் எடுத்துவிட்டு, படகுக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இத கவளன்னு குடுக்குறியே, ஒன் பொண்டாட்டி வாங்குவாளா?"

"எம் பொண்டாட்டி பேசாம வாங்கிப்பா."

"அதான் ஒனக்குக் கெட்ட மீனா பொங்கிப் போடுறா."

கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். படகுக்காரன் இன்னொரு கை மீனை அள்ளி அவள் கூடையில் போட்டான். இனியவனைப் பார்த்ததும் அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"இன்னா மாமா, ஓடி ஓடி ஒளியுற? வூட்டுக்கு வந்தா இல்ல, போன் பண்ணா எடுக்குறதில்ல."

"ஒங்கிட்ட பேசத்தான் வந்தேன்."

"பேசு."

அவன் கல்லின் மேல் உட்கார்ந்தான். அவள் நின்றுகொண்டே மீனுக்கு மேல் ஈரச் சாக்கை மூடினாள். இருபத்திரண்டு வயது. அக்காவின் ஜாடை நெற்றியில் மட்டும். மற்றபடி வேறு ஆள்.

"நீ எதுக்குச் சரின்னு சொன்ன?"

"எடத்துக்கு."

"என்னைய புடிச்சா?"

"ஒன்னிய புடிக்கும் புடிக்காதுன்ற பேச்சே இதுல வரல மாமா. நீ அக்கா புருசன். சோறு போட்டா சத்தம் இல்லாம சாப்புடுற ஆளு. குடிக்கறதில்ல. வேற இன்னா வேணும்?"

"மேல படிக்கிறேன்னு சொன்னியே."

"படிச்சிட்டு? ஒன் கம்பெனில வந்து மூடி பொறுக்கவா?"

அவனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒனக்குத் தெரியாது மாமா" என்றாள். "சாரத்துல மாடி வூட்டுக்காரங்க மேலேந்து கத்துவாங்க, ஏ மீனு, மேல வான்னு. எங்கம்மாவுக்கு அங்க அதான் பேரு. கூடையோட லிப்டுல ஏத்த மாட்டான் வாட்ச்மேன். நாத்தம் அடிக்குமாம். மூணு மாடி ஏறிப் போனா, இவ்ளோ சின்னதாவா இருக்குன்னு சொல்லிட்டுக் கதவ சாத்துவாங்க. எங்கம்மா கழுத்த பாத்தல்ல? அந்தக் கூட இப்ப பாதி நாளு என் தலையிலதான். மார்க்கெட்ல ஒக்காந்தா அவங்கதான் நம்மகிட்ட வரணும். நாம ஒக்காந்திருப்போம், அவங்க குனியணும். எனக்கு யாவாரம் வரும் மாமா. அக்காவ விட நல்லா வரும். அக்காவுக்குப் பிடிக்கவே இல்ல அது. எனக்குப் பிடிக்குது."

"அந்த இடத்தாலதான் அவ செத்தா."

"சாரத்துத் தெருவுலயும் கெளுத்தி முள்ளு குத்தும்."

அலை வந்து கல்லில் அடித்தது. கூடையில் ஒரு கிழங்கான் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"என்னால முடியல துர்கா" என்றான். "அவ துணி இன்னும் கொடியிலதான் கெடக்குது. எடுக்க முடியல."

"நான் வந்து எடுத்துத் தர்றேன்."

"அதுவும் முடியாது."

அவள் அவனை ரொம்ப நேரம் பார்த்தாள். அதில் இரக்கம் இருந்தது. சலிப்பும் இருந்தது.

"அப்ப எடம் போச்சு. சொல்லிட்டா நான் கெளம்புவேன். வெயில் ஏறுனா மீனு நெகிழ்ந்துடும்."

"தாலி இல்லாம இடத்த வாங்கித் தர்றேன். வரிசையில பேசுறேன்."

"ஒன் பேச்ச அங்க யாரு கேப்பா?"

"நான் அந்த வூட்டுப் புள்ள."

"புள்ளைக்கி இல்ல மாமா எடம்" என்றாள் துர்கா. கூடையைத் தூக்கிவிடச் சொல்லித் தலையைக் காட்டினாள். அவன் தூக்கிவிட்டான். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அவள் கழுத்து ஒருமுறை ஆடி, நிலைத்தது. "இருந்தாலும் கேட்டுப் பாரு. நானும் வர்றேன்."

*

தடைக்கு முந்தின வாரம். மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. தடைக்காலத்தில் விலை ஏறும் என்று எல்லாரும் வாங்கிக் குவித்தார்கள். கருவாட்டுக்காரிகள் ஒரு பக்கம். ஐஸ் தண்ணீர் எல்லாருடைய செருப்புக்கு அடியிலும் ஓடியது. இனியவன் கம்பெனிக்கு மதியம் வருவதாகச் சொல்லியிருந்தான். துர்கா பின்னால் வந்தாள். தலைக்குக் குளித்து, மல்லிகைப்பூ வைத்திருந்தாள். கரையில் எடுத்த மீன் ஒரு பெட்டி நிறைய அவளிடம் இருந்தது. கேட்டுப் பார்க்க வருகிறவள் எதற்கு மீனோடு வருகிறாள் என்று அவன் கேட்கவில்லை.

தூணுக்குப் பக்கத்தில் கூடை கவிழ்ந்திருந்தது. பக்கத்தில் அஞ்சலாட்சி. இனியவன் விஷயத்தைச் சொன்னான். நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அம்மாவுக்கு முடியவில்லை. நான் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் போவதில்லை. இவள் செல்வியின் தங்கை. இவள் உட்காரட்டும்.

"அவ்ளோதானா?" என்றாள் அஞ்சலாட்சி.

"அவ்ளோதான் சின்னம்மா."

அவள் வரிசைப் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களாடி? தாலி இல்லாம மருமவ வருதாம்."

சிரிப்பு எழுந்தது. யாரோ, "அப்ப மாமியா இல்லாம மருமவனும் வருவானா?" என்றாள். இன்னும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. இனியவனை அவர்கள் பால்குடி காலத்திலிருந்து பார்த்தவர்கள். அவனைக் கூடையில் படுக்க வைத்து அவன் அம்மா வியாபாரம் செய்திருக்கிறாள்.

அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

"இந்தா பாரும்மா. இன்னிக்கி நீ நல்ல பொண்ணு. நாளைக்கி வீராம்பட்டணத்துக்காரன் ஒருத்தன் ஒன் கழுத்துல தாலி கட்டுவான். அப்ப எடம் வீராம்பட்டணத்துக்குப் போயிடும். நான் ரெண்டு பொண்ணு பெத்தேன். ரெண்டும் லாசுப்பேட்ட வெயில்ல தலச்சுமை தூக்குதுங்க. அதுங்களுக்கு நான் குடுத்தனா? எனக்கு அப்பறம் என் மருமவ ஒக்காரப் போறா. நேத்து வந்தவ, எனக்கு ஒரு வாய் காப்பி வச்சிக் குடுக்காதவ. அவதான் ஒக்காருவா. பெத்த மவளுக்கு இல்லாத நியாயம் ஒனக்கு எங்கேந்து வந்துச்சி?"

"மவளுங்களுக்கும் குடுங்க" என்றான் இனியவன்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. எதிர் வரிசையில் ஒருத்தி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"குடுக்கலாம்" என்றாள் அஞ்சலாட்சி மெதுவாக. "ஒரு எடத்துக்கு ரெண்டு மவ, ஒரு மருமவ. யார எழுப்பி யார ஒக்கார வைக்கட்டும்? நீ படிச்சவன், சொல்லு."

வரும் வழியெல்லாம் அவன் யோசித்ததில் இந்தக் கேள்வி இல்லை.

"நான் கட்டிக்கலன்னா?" என்றாள் துர்கா.

"இன்னாது?"

"யாரையுமே கட்டிக்கலன்னா? அப்ப எடம் எங்க போவும்?"

"பொம்பள கட்டிக்காம இருப்பாளா?"

"அறுத்தவங்க இருக்கீங்கல்ல? அவங்க மறுபடியும் கட்டிக்கறதில்லன்னுதான எடத்த வுட்டு வச்சிருக்கீங்க. என்னையும் அப்பிடி வச்சிக்குங்க."

வாங்க வந்த ஒருத்தர் பையை நீட்டியபடி நின்றார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

"யாருக்குடி அறுத்த நீ?" என்றாள் அஞ்சலாட்சி. "இந்தா நிக்கிறான், குத்துக்கல்லாட்டம், உசுரோட."

"அக்கா அந்த எடத்துல இருந்து செத்தா. அவளுக்கு அறுத்ததா வச்சிக்குங்க."

"வாய மூடு துர்கா" என்றான் இனியவன். "வா போவலாம்."

"எங்க போவலாம்? நீ கம்பெனிக்குப் போவ. நான் சாரத்துக்குப் போவணும்."

அவன் வாய் திறந்தான். "நான் கட்டிக்கிறேன்" என்றான். எல்லாருக்கும் கேட்டது. "தாலி கட்டுறேன். முறைப்படி ஒக்காரட்டும்."

துர்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன. குரல் மட்டும் மாறவில்லை.

"கரையில கேட்டப்ப சொல்லியிருந்தா சரின்னிருப்பேன். இப்ப பரிதாபப்பட்டுக் கட்டுற. தெனமும் காலைல அந்த மூஞ்சியப் பாத்துக்கினு என்னால கூடைய தூக்க முடியாது மாமா."

அஞ்சலாட்சி ஒன்றும் சொல்லாமல் எழுந்தாள். இப்போது எல்லாரிடமும் கரண்டுத் தராசுதான். பழைய இரும்புத் தராசு ஒன்று சாக்குக்கு அடியில் கிடந்தது. அதை வெளியே எடுத்தாள். வரிசையில் சண்டை வந்தால் சத்தியத்துக்கு மட்டும் அதை எடுப்பார்கள். தட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி துர்காவின் முன் நீட்டினாள்.

"யோசிச்சிக்க. இதுல கைய வச்சிட்டு மாத்திப் பேசுனவ யாரும் இங்க நிலைக்கல."

"யோசிச்சிட்டேன்."

"வூட்ல ஆத்தாகிட்ட கேட்டியா?"

"கேட்டா வுடுமா?"

"இருபது வயசுதான்டி ஆவுது ஒனக்கு."

"இருவத்திரண்டு."

துர்கா தட்டில் கையை வைத்தாள். "இந்த எடத்துல இருக்கற வரைக்கும் என் கழுத்துல தாலி ஏறாது" என்றாள். அஞ்சலாட்சி சொல்லித்தரவில்லை. அவளாகவே சொன்னாள்.

கிழவிகள் சிலர் உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இனியவன் முன்னால் வந்து அதே தட்டில், துர்காவின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தான்.

"நானும் சத்தியம் பண்றேன். நானும் கட்டிக்க மாட்டேன். அந்த வூட்டுக்கு வேற மருமவ வர மாட்டா."

அஞ்சலாட்சி அவன் கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டாள். குழந்தையின் கையை அடுப்புக்குப் பக்கத்திலிருந்து எடுக்கிற மாதிரி எடுத்தாள்.

"ஆம்பள சத்தியத்த நாங்க வாங்கறதில்ல."

"ஏன்?"

"வாங்கி இன்னா பண்றது? நாளைக்கி நீ ஒருத்தியக் கூட்டிக்கினு வந்து நிப்ப. ஒங்கிட்டேந்து எதப் புடுங்கறது? எடமா இருக்குது ஒனக்கு? இவகிட்டதான் இருக்குது. இவகிட்டதான் புடுங்க முடியும்." துர்காவைப் பார்த்தாள். "அதையும் கேட்டுக்க. இவன் என்னிக்காவது ஒருத்தியக் கட்டிக்கினு வந்தா, அவதான் மருமவ. நீ எழுந்துக்கணும். அப்ப வந்து நியாயம் கேக்கக் கூடாது."

"கேக்கல" என்றாள் துர்கா.

"நான் கட்டிக்க மாட்டேன்" என்றான் இனியவன் மறுபடியும். அவன் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. யாரும் கேட்டுக்கொண்டதாகவும் தெரியவில்லை.

துர்கா தலையில் இருந்த பூவை எடுத்து, எங்கே போடுவது என்று பார்த்தாள். "இருக்கட்டும்டி, இந்தக் காலத்துல யாரு கேக்குறா" என்றாள் அஞ்சலாட்சி. துர்கா ஏற்கனவே அதைச் செதில் கூடையில் போட்டுவிட்டிருந்தாள். பிறகு கவிழ்ந்திருந்த கூடையை நிமிர்த்தினாள். அடியில் சிமெண்டுத் தரை வட்டமாகக் காய்ந்து வெள்ளையாக இருந்தது. அதன் மேல் பாலிதீனை விரித்து, பெட்டியைத் திறந்து, பெரிய மீன் முன்னாலும் சின்னது பின்னாலுமாக அடுக்கினாள். அடுக்கிவிட்டு ஒரு பார்வை பார்த்து, இரண்டை மாற்றி வைத்தாள். பை நீட்டியபடி நின்றிருந்தவர் குனிந்து ஒரு பாறை மீனைத் தொட்டுப் பார்த்தார்.

"செவுள தூக்கிப் பாருங்கண்ணா" என்றாள் துர்கா. "சும்மா தொட்டா மீனுக்குக் கூச்சமா இருக்காதா?"

அவர் சிரித்தார். அஞ்சலாட்சியும் சிரித்தாள். அவள் மருமகளுக்கு இனி அந்தத் தூண் இல்லை. இருந்தாலும் நல்ல வியாபாரத்தைப் பார்த்தால் அவளால் சிரிக்காமல் இருக்க முடியாது.

"மாமா, ஒரு கட்டி ஐஸ் வாங்கியாந்து குடுத்துட்டுப் போ."

அவன் வாங்கி வந்தான். துணி இல்லாமல் கையிலேயே தூக்கி வந்தான். அவள் அதைக் கட்டையால் உடைத்து மீனின் மேல் பரப்பினாள். பரப்பி முடித்ததும் அவன் இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்த்தாள்.

"நிக்காத மாமா. ஆம்பள நின்னா யாவாரம் ஆவாது."

வெளியே வந்தான். வெயில் தலையில் இறங்கியது. போன் அடித்தது. அம்மா.

"இன்னாடா ஆச்சி?"

"இடம் கெடச்சிடுச்சிம்மா. துர்கா ஒக்காந்துட்டா."

அம்மா அந்தப் பக்கம் மூச்சை விட்டாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. "தாயே" என்றாள். பிறகு, "தாலி என்னிக்கி?" என்றாள்.

அவன் நடந்ததைச் சொன்னான். தராசு, சத்தியம், தன் கையை எடுத்துவிட்டது. எதையும் விடாமல் சொன்னான்.

"அவளப் பெத்தவகிட்ட யாருடா சொல்றது?" என்றாள் அம்மா கடைசியில்.

"நான் போறேன்."

"இந்நேரம் எங்க இருப்பான்னு தெரியுமா?"

தெரியாது. சாரத்தில் எந்தத் தெரு, எந்த மாடி என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. யாரைக் கேட்பது, எந்தப் பேரைச் சொல்லிக் கேட்பது என்று யோசித்தபடி பஸ்ஸுக்கு நடந்தான்.